ரத்தம் காணாது

கிழக்கிலங்கையில் 'காணாது' என்றால் போதாது என்று பொருள். சோறு காணாது, வயலுக்குத் தண்ணி காணாது, சம்பளம் காணாது. சம்மாந்துறையில் ஒரு புள்ளத்தாச்சி கிளினிக்கிலிருந்து வீடு திரும்பியதும் உம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "என்னவாம்?" அதற்கு அடிக்கடி வருகிற பதிலும் ஒன்றுதான்: "ரத்தம் காணாதாம்." வயிற்றில் இருப்பது ரெட்டப்புள்ள என்று ஸ்கானில் தெரிந்திருந்தால் அந்தப் பதில் வருவதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இந்த அத்தியாயம் அந்த இரண்டு சொற்களைப் பற்றியது. எவ்வளவு காணாது? ஏன் காணாது? எப்போதிருந்து? இரட்டைக் கர்ப்பத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: யாருடைய ரத்தம் காணாது? தாயுடையதா, உள்ளே இருக்கும் இருவரில் ஒருவருடையதா?

இந்த ஊர்ப் பக்கத்தில் பல வீடுகளில் நடக்கிற ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். திருமணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் இங்கே வழக்கம். ஆகவே கர்ப்பிணிப் பெண் தன் உம்மாவோடு, சாச்சியும் ராத்தாவும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பிறந்த வளவிலேயே இருக்கிறாள். குடும்பநல மருத்துவமாது, ஊராரின் வாயில் 'மிட்வைஃப் மிஸ்', மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு விறாந்தைக்கு வருகிறார். கதிரையில் உட்கார்ந்தவளின் கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்துப் பார்க்கிறார். மாதுளை முத்தின் நிறத்தில் இருக்கவேண்டிய உள்தோல், பலமுறை துவைத்த துணிபோல வெளிறிக் கிடக்கிறது.

"குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்களா புள்ள?"

"குடிச்சா ஓங்காளிக்குது மிஸ்."

உம்மா உள்ளேயிருந்து வருகிறார். "கறுப்பாப் போகுதாம் மிஸ். பயந்துபோய் நான்தான் நிப்பாட்டச் சொன்ன."

மேசையில் குளிசைப் பொட்டலம் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில், காலைச் சாப்பாட்டோடு வந்த பிளேன்டீ, ஆவி பறக்க.

இரும்புச் சிக்கலின் பெரும்பகுதி அந்த மேசையில் இருக்கிறது. ஆனால் முழுவதும் அங்கே இல்லை.

முதலில் கணக்கு. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் ஒவ்வொரு கிராமிலும் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு குழந்தையைச் சுமந்து பெற்றெடுக்க ஒரு தாய்க்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம் என்பது பாடநூல் கணக்கு. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, தாயின் சிவப்பணுக்கள் பெருகுவதற்கு 500, தோல், குடல் வழியாக எப்போதும் போல் கழிந்துபோவது 200. நன்றாகச் சாப்பிடும் ஒரு பெண்ணின் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பே 300 மில்லிகிராம் அளவுதான். மாதவிடாயில் அதிகம் போகிறவளுக்கும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவளுக்கும் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய வெறுமையாக இருக்கலாம்.

இப்போது இரட்டை. பிறக்கும் குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 75 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று கிலோக் குழந்தை ஒன்று 225 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளும். தலா 2.3 கிலோ எடையுள்ள இருவர் சேர்ந்து 345 எடுப்பார்கள். நஞ்சுக்கொடியின் பரப்பும் கூடுதல், தாயின் சிவப்பணுப் பெருக்கமும் கூடுதல். எல்லாவற்றையும் கூட்டினால் தேவை ஒற்றைக் கர்ப்பத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மதிப்பிடுகிறார்கள். சேமிப்போ அதே 300.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது, இது நோய் இல்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. ஒற்றைக் கர்ப்பத்தில் ஒன்றேகால் லிட்டர் அளவு கூடும். இரட்டையில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். சிவப்பணுக்களும் பெருகுகின்றன, ஆனால் அந்த வேகத்தில் இல்லை. எதிர்பாராமல் விருந்தாளி வந்ததும் ஆணத்தில் தண்ணீர் விட்டுப் பெருக்குகிறோமே, அதுபோலத்தான்: மீன் துண்டு குறையவில்லை, ஒரு கரண்டிக்கு வருவதுதான் குறைகிறது. நஞ்சுக்கொடியின் நுண்குழாய்களில் ரத்தம் இலகுவாக ஓட இந்த நீர்த்த நிலை உதவுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் என்றால் ரத்தசோகை என்றும், நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழ் என்றால்தான் ரத்தசோகை என்றும் வரையறுக்கிறது.

ஆகவே இரட்டைக் கர்ப்பிணி ஒருத்தியின் 20ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தால் அதில் எவ்வளவு இயல்பான நீர்த்தல், எவ்வளவு உண்மையான குறைபாடு என்று அந்த ஒரு எண் சொல்லாது. ஃபெரிட்டின் சொல்லும். அது உடலின் இரும்புக் களஞ்சியம். லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே போய்விட்டால், கர்ப்பத்தில் களஞ்சியம் காலியாகிறது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் விழுவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே ஃபெரிட்டின் விழுந்துவிடும். போடியார் வீட்டுப் பட்டறையில் நெல் தீர்ந்த பிறகும் அடுப்பங்கரை அரிசிப் பானையில் சில நாளைக்கு அரிசி இருக்கும். பானையை மட்டும் பார்ப்பவருக்குத் தட்டுப்பாடு தெரியாது.

இலங்கையின் கிளினிக் முறையில் ஹீமோகுளோபினை முதல் வருகையிலும் 28ஆம் வாரத்திலும் பார்ப்பது வழமை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இரட்டைக் கர்ப்ப வழிகாட்டியில் 20க்கும் 24க்கும் இடைப்பட்ட வாரங்களில் கூடுதலாக ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. இது மிகவும் சரியான ஆலோசனை என்பது என் எண்ணம். 28ஆம் வாரத்தில் குறை தெரிந்தால், சராசரியாக 36, 37 வாரத்தில் முடிந்துவிடும் இரட்டைக் கர்ப்பத்தில் அதைச் சரிசெய்யக் கிடைப்பது எட்டு வாரம். 20இல் தெரிந்தால் பதினாறு வாரம். ரெட்டப்புள்ள என்று தெரிந்த அன்றே, "இடையில ஒருதரம் ரத்தம் பார்க்கலாமா டொக்டர்?" என்று கேட்பதற்கு எந்தத் தாயும் தயங்கவேண்டியதில்லை.

இனி அந்த மேசைக்குத் திரும்புவோம்.

ஃபெரஸ் சல்பேட் குளிசைக்கு வயது இருநூறை நெருங்குகிறது. 1832இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் பிளோ அந்த உப்பை வைத்து உருண்டைகள் செய்து வெளிறிய பெண்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் பெரும்பாலும் அதே உப்புதான். 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் உண்மையான இரும்பு 60, 65 மில்லிகிராம். அதிலும் உடலுக்குள் போவது ஒரு சிறு பங்கு. மிச்சம் குடலில் கந்தகத்தோடு சேர்ந்து கறுத்து வெளியேறுகிறது. உம்மா பயந்த கறுப்பு அதுதான். ரத்தம் கெட்டுப் போனதற்கு அது அடையாளம் இல்லை. குளிசை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். இதை முதல் நாளே யாராவது உம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்தப் பொட்டலம் காலியாகியிருக்கும். பிள்ளைக்கு மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. இந்த ஊரில் குளிசையை நிறுத்துவதும் கொடுப்பதும் உம்மாதான்.

அடுத்தது தேத்தண்ணி. தேயிலையின் டானின் பொருட்கள் குடலில் இரும்பைக் கட்டிப்போடும். சாப்பாட்டோடு குடிக்கிற ஒரு கோப்பை, அந்தச் சாப்பாட்டின் இலை, பருப்பு, தானிய இரும்பில் உள்ளே போகவிருந்ததைப் பாதிக்கும் மேல் தடுத்துவிடக்கூடும். தேத்தண்ணியை விடச் சொல்வது நம் ஊரில் நடக்கிற காரியம் இல்லை, தேவையும் இல்லை. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் தடை பெருமளவு விலகுகிறது. கல்சியம் குளிசையும் அப்படித்தான். கிளினிக்கில் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள், ஆனால் சேர்த்தே விழுங்கக்கூடாது. இரவு இரும்பு என்றால் காலையில் கல்சியம். எருமைத் தயிரையும் இரும்புக் குளிசையோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேசிக்காய் இதற்கு நேர்மாறு. விட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருந்து குடல் சுவருக்குள் அனுப்புகிறது. முருங்கை இலைச் சுண்டலில் கடைசியில் பிழிகிற தேசிக்காய் ருசிக்காக மட்டும் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் நூற்றுக்கு இரண்டிலிருந்து பத்து வரைதான் உள்ளே போகும். சூரை மீனிலும் மாட்டிறைச்சியிலும் உள்ள ஹீம் இரும்பில் பதினைந்து முதல் முப்பத்தைந்து வரை போகும். ஒரு துண்டு மீன் பக்கத்தில் இருந்தாலே கீரையின் இரும்பும் கொஞ்சம் கூடுதலாக ஏறும். ஈரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதில் இரும்பு நிறைய உண்டு, ஆனால் விட்டமின் ஏ-யும் மிக அதிகம். கர்ப்பத்தில், அதிலும் முதல் மாதங்களில், அதைத் தவிர்ப்பது நல்லது. கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவைப் பங்கு போடாமல் தாயே சாப்பிடவேண்டும் என்று மிஸ்மார் ஓயாமல் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்தப் பொட்டலம் கிடைக்காமல் போன மாதங்களில்தான் அதன் அருமை பல வீடுகளுக்குத் தெரிந்தது.

குடலின் வாசலில் இரும்பை அளந்து விடுகிற ஒரு காவல் இருக்கிறது. ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறு புரதம் அது. 2000ஆம் ஆண்டையொட்டித்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. குளத்துத் துருசுக்குக் கதவு போல. இரும்பு நிறைய வந்தால் ஹெப்சிடின் கூடி, கதவு இறங்கும். இன்று ஒரு குளிசை விழுங்கினால் நாளைக்கும் கதவு கொஞ்சம் இறங்கியே இருக்கும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் உள்ளே போகும் பங்கு கூடுகிறது என்று சூரிச் ஆய்வாளர்கள் 2015க்குப் பிறகு காட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் கர்ப்பமில்லாத பெண்களிடம் நடந்தவை. கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் உடலே ஹெப்சிடினை மிகவும் குறைத்துக் கதவை நன்றாகத் திறந்துவிடுகிறது. அதனால் கைத்தொலைபேசியில் படித்ததை வைத்து இரட்டைக் கர்ப்பிணி தானாகக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிவிடக்கூடாது. ஓங்காளம் தாங்கமுடியவில்லை என்றால் அதைச் சொல்லிக் கேட்கவேண்டும். வைத்தியர் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு உப்புக்கு மாற்றலாம். முதல் மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஊசி வழியாக, நாளத்துக்குள், இரும்பை ஏற்றவும் முடியும். குளிசை வேலை செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் எண் ஏறத் தொடங்கிவிடும். ஏறாவிட்டால் குளிசையைக் கூட்டுவதற்கு முன் கேட்கவேண்டியது: இது இரும்புக் குறைதானா?

அந்தக் கேள்வியை முதன்முதலில் உரக்கக் கேட்டவர் ஒரு பெண்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் ரத்தசோகையில் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேட அவரை அழைத்தவர் மார்கரெட் பால்ஃபர் என்ற இன்னொரு பெண் மருத்துவர். ஹாஃப்கின் நிறுவனத்தில் உட்கார்ந்து வில்ஸ் அந்த ரத்தத்தைப் பார்த்தார். இரும்புக் குறையில் சிவப்பணு சிறுத்து வெளிறும். இவர்களுடைய அணுக்களோ பெருத்திருந்தன. இரும்பு கொடுத்தும் பலன் இல்லை. அவர் வீடுகளுக்குப் போய் சமையலைப் பார்த்தார், எந்த வகுப்புப் பெண் என்ன சாப்பிடுகிறாள் என்று கணக்கெடுத்தார். மிக மோசமான உணவும் மிக அதிகமான நோயும் வறிய முஸ்லிம் பெண்களிடம் இருந்தன. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.  அந்தப் பெண்களின் தட்டுக்குக் கீரையும் பழமும் அரிதாகவே வந்தன.

1929இல் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். கோஷா என்றால் பர்தா. பர்தா அணியும் முஸ்லிம் பெண்களும் சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய காலத்தில், 1885இல், மேரி ஷார்லீப் என்ற மருத்துவரின் முயற்சியில் உருவான மருத்துவமனை அது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர். சென்னைக்காரர் பலருக்கு இன்னமும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

வில்ஸ் முதலில் எலிகளுக்கும் பிறகு குரங்குகளுக்கும் அந்தப் பெண்களின் உணவையே கொடுத்து அதே சோகையை உண்டாக்கிப் பார்த்தார். நோயுற்ற குரங்கு ஒன்றுக்கு மாமைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அது தேறியது. பிறகு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே புதுச் சிவப்பணுக்கள் ரத்தத்தில் பெருகின. 1931இல் இது வெளியானது. நாம் தேசிக்காயும் உப்பும் போட்டுச் சுடுதண்ணியில் கரைத்துக் குடிக்கிற, இலங்கையின் வீட்டு அலுமாரிகளில் கறுப்புப் போத்தலில் இருக்கிற அதே மாமைட். அதில் இருந்த மருந்து என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் டெக்சாஸில் டன் கணக்கில் பசளிக்கீரை போன்ற ஸ்பினாச் இலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பம்பாயின் ஆலைப் பெண்ணிடம் தொடங்கிய கதை சென்னையில் படித்தவர் கையில் குளிசையாகி, இன்று சம்மாந்துறை மேசையில் இரும்பின் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு உடல் ஒரே நேரத்தில் வளரும்போது அணுக்கள் பிரிந்து பெருகும் வேகமும் இரட்டிப்பாகிறது. ஃபோலிக் அமிலத்தின் தேவையும் கூடவே ஏறுகிறது.

வில்ஸ் விட்டுச்சென்ற பாடம், சிவப்பணுவின் பருமனைப் பார் என்பது. இன்றைய முழு ரத்த அறிக்கையில் அது எம்சிவி என்ற ஒரு வரியில் வருகிறது. பெருத்திருந்தால் ஃபோலிக் அமிலம் அல்லது பி12. சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்பு. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் தலசீமியா. அதைச் சுமப்பவர் வாழ்நாள் முழுவதும் நலமாக இருப்பார். அவருடைய அணுக்கள் பிறவியிலேயே சிறியவை. ரத்தம் 10.5 என்று வரும், குளிசை மேல் குளிசை போகும், எண் அசையாது. ஃபெரிட்டின் நிறைவாக இருந்து, அணுக்களின் எண்ணிக்கையும் தாராளமாக இருந்து, பருமன் மட்டும் சிறுத்திருந்தால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் கணவருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக. இருவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் நோயுள்ள பிள்ளை பிறக்கலாம்.

மலேரியாவும் இந்தக் கணக்கில் இருந்தது. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிற நோய் அது. 1934-35இல் தீவை உலுக்கிய மலேரியாக் கொள்ளையில் தாய்மார் எத்தனையோ பேர் போனார்கள். 1930களில் லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரம் அளவில் தாய்மார் இறந்த நாடு இது. 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. ரத்தம் காணாமைக்கு ஒரு பெரிய காரணம் அப்படியே இல்லாமல் போனது.

இனி நான்காவது கேள்வி: யாருடைய ரத்தம்?

இரட்டையரில் இரண்டு வகை என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரே முட்டையிலிருந்து வந்தவர், இரண்டு முட்டையிலிருந்து வந்தவர். ஆனால் கர்ப்ப காலத்தில் மருத்துவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது. இரண்டு முட்டை என்றால் ஏறக்குறைய எப்போதும் தனித்தனி நஞ்சுக்கொடி. ஒரே முட்டை மூன்று நாளுக்குள் பிரிந்தாலும் தனித்தனி. நான்கிலிருந்து எட்டாம் நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, தண்ணீர்ப் பை இரண்டு. இந்த வித்தியாசம் 11க்கும் 14க்கும் இடைப்பட்ட வாரத்து ஸ்கானில் மிகத் தெளிவாகத் தெரியும். தனித்தனி என்றால் இரு பைகளின் சுவர் சேருமிடம் ஆப்புபோல் தடித்திருக்கும். ஒன்று என்றால் மெல்லிய சவ்வு நேராக வந்து ஒட்டும். வாரம் கடக்கக் கடக்க அந்த ஆப்பு மறைந்துவிடும். "ரெட்டப்புள்ளதானே, பொறகு பார்ப்பம்" என்று முதல் ஸ்கானைத் தள்ளிப்போட்டால் இந்த விடை கைவிட்டுப் போகும்.

ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரே நஞ்சுக்கொடியில் இருவருடைய ரத்தக்குழாய்களும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரே வாய்க்காலில் இரண்டு வயல். பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் சமமாக நடக்கும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையான கர்ப்பங்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஓயாமல் போகத் தொடங்கும். கொடுப்பவரின் தண்ணீர்ப் பை வற்றும். வாங்குபவரின் பை நிரம்பி, இதயம் திணறும். பார்க்காமல் விட்டால் பெரும்பாலும் இருவரையும் இழக்க நேரிடும். கருப்பைக்குள் நுண்குழாய்க் கருவியை அனுப்பி அந்த இணைப்புகளை லேசரால் அடைக்கும் முறையே மேலானது என்று 2004இல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. நஞ்சுக்கொடி ஒன்று என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்வது இதற்காகத்தான். வயிறு சில நாளில் திடீரெனப் பெருத்து இறுகினால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கவேண்டாம்.

இதைவிட மெதுவான இன்னொரு வகையும் உண்டு. நெதர்லாந்தின் லைடன் மருத்துவர்கள் 2007இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த, மயிர் போன்ற குழாய் வழியாக வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இடம் மாறும். தண்ணீர்ப் பைகளில் வித்தியாசம் தெரியாது. பிறக்கும்போது ஒரு குழந்தை வெண்மையாக, மற்றது கருஞ்சிவப்பாக வரும். அதை வயிற்றுக்குள்ளேயே கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. நீர்த்த ரத்தம் வேகமாக ஓடும், செறிந்தது மெதுவாக ஓடும். கருவின் மூளைக்குப் போகும் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை டொப்ளர் ஸ்கானில் அளந்தால், ஊசி குத்தாமலே கருவுக்குச் சோகை உண்டா என்று சொல்லலாம் என்பதை ஜான்கார்லோ மாரி என்பவர் 2000ஆம் ஆண்டில் நிறுவினார். அம்மாவுக்கு இமையை இழுத்துப் பார்க்கிறார் மிஸ். குழந்தைக்கு ஓட்டத்தைக் கேட்கிறார் மருத்துவர்.

மற்றச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்ப்பகால ரத்த அழுத்தம் இரட்டையில் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. தேவையானவர்களுக்கு மருத்துவர் குறைந்த அளவு அஸ்பிரின் தொடங்குவது அதைத் தடுக்கத்தான். 12ஆம் வாரத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். விடாத தலையிடி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே வைத்தியசாலை. இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பெடுத்தால் ஈரலைப் பார்க்கவேண்டும். ரமழான் வந்தால் நோன்பைப் பற்றிய கேள்வி வரும். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். ரத்தம் காணாத இரட்டைக் கர்ப்பிணி அந்தச் சலுகையை எடுப்பதில் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. மாமிமாரும் மூத்தம்மாமாரும் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னால் அவளுக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியில் பிரசவம். ரத்தக் கணக்கு முழுவதும் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன். இரட்டையரால் அளவுக்கு மீறி விரிந்த கருப்பை, குழந்தைகள் வந்த பிறகு உடனே சுருங்க மறுக்கலாம். சுருங்காத கருப்பையிலிருந்து ரத்தம் ஓடும். ஹீமோகுளோபின் 12 உள்ளவள் ஒரு லிட்டர் இழந்தால் தாங்கிக்கொள்வாள். 8 உள்ளவளுக்கு அதே லிட்டர் உயிர்ப் பிரச்சினை. 10 உள்ளவள் ஒரு லிட்டர் இழந்தால் அதோடு 340 மில்லிகிராம் இரும்பும் போய்விடும். மாதக்கணக்கில் விழுங்கிய குளிசையிலிருந்து உள்ளே சேர்ந்தது ஒரு மணி நேரத்தில் போனதற்குச் சமம். ஆகவே இரட்டைப் பிரசவம் எங்கே என்பதை முன்பே முடிவுசெய்யவேண்டும். ரத்த வங்கியும், மயக்க மருந்து நிபுணரும், குறைமாதக் குழந்தைக்கான பராமரிப்பும் இருக்கும் இடம் வேண்டும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்னரே பிறந்துவிடுகிறார்கள். கல்முனையா, அம்பாறையா, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையா என்பதை விஓஜி, அதாவது மகப்பேற்று நிபுணர், சொல்வார். அந்தப் பேச்சு 28ஆம் வாரத்துக்குள் நடக்கட்டும்.

இந்த ஊருக்கென்று ஒரு கவலையும் உண்டு. மாரி. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் மாவடிப்பள்ளி வீதி நீருக்குள் போய்விடும். 2024 நவம்பரில் அந்த இடத்தில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட துயரம் ஊர் மறக்காதது. 1990 என்று அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்புலன்ஸும் அந்தத் தண்ணீரைக் கடக்க முடியாது. நவம்பர் கடைசியில் 33 வாரம் ஆகியிருக்கும் இரட்டைக் கர்ப்பிணி, வானிலை எச்சரிக்கை வந்த அன்றே வைத்தியசாலைக்குப் பக்கத்துச் சொந்தக்கார வீட்டுக்கோ விடுதிக்கோ போய்விடுவது மருந்து விழுங்குவதைப்போல் ஒரு சிகிச்சை.

குழந்தைகள் வெளியே வந்த பிறகும் இரும்பின் கதை முடியாது. கருவுக்கு இரும்பின் பெரும்பகுதி போய்ச் சேருவது கடைசி மூன்று மாதத்தில். 34 வாரத்தில் பிறந்தவர் அந்தச் சம்பளத்தை முழுதாக வாங்காமல் வந்தவர். குழந்தைகள் நலமாக இருந்து, நஞ்சுக்கொடி தனித்தனியாக இருந்தால், தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் பொறுப்பது நஞ்சுக்கொடியில் மிஞ்சிய ரத்தத்தை அவர்களுக்கே திருப்பித் தருகிறது. ஒரே நஞ்சுக்கொடி என்றால் அந்த முடிவு மருத்துவருடையது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குச் சில வாரத்திலேயே இரும்புத் துளிமருந்து தொடங்கும். தாய்க்கும் பேறுக்குப் பின் குளிசை தொடரும். எண் சரியான பிறகும் மூன்று மாதம் குடித்தால்தான் களஞ்சியம் நிரம்பும்.

அப்போது மிஸ் மறுபடியும் விறாந்தைக்கு வருகிறார். இந்தமுறை அவருடைய பையில் பிள்ளைகளுக்கான பதிவேடு இரண்டு இருக்கிறது. உம்மா ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளையை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு, தாயின் கீழ் இமையைத் தானே விரலால் இழுத்துப் பார்க்கிறார். பிறகு அடுப்படிக்குள் போய்க் கேட்கிறார்: "குளிசை குடிச்சு ஒரு மணித்தியாலம் ஆயிட்டா மகள்? தேத்தண்ணி ஊத்தட்டா?"